பழைய டர்போ, செல்ப் மோட்டார், பம்ப்: மதுரையிலிருந்து குறைந்த செலவில் திருப்பி அனுப்பி கோர் பணம் வாங்குவது எப்படி? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் டீசல் வண்டி வேலை பார்க்கிறேன். கார், வேன், லாரி என்று எல்லாம் வரும். ரீகண்டிஷன் செய்த சாமானை வெளியூரிலிருந்து வரவழைத்துப் போடும்போது, கழற்றிய பழைய பீஸைத் திருப்பி அனுப்பினால் ஒரு தொகை திரும்பக் கிடைக்கும். ஆனால் அந்தப் பழைய பீஸ்கள் பட்டறை மூலையில் குவிந்து, கடைசியில் காயலான் கடைக்குப் போவதைத்தான் நிறைய இடங்களில் பார்க்கிறேன். "அனுப்புற செலவே அவ்வளவு ஆகுதேண்ணே" என்கிறார்கள். ஆகாது. எப்படி அனுப்புகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கோர் பணம் என்றால் என்ன? பழைய இரும்புக்கு எதற்கு இவ்வளவு காசு கொடுக்கிறார்கள்?

ரீகண்டிஷன் செய்பவருக்குப் பழைய பீஸ்தான் கச்சாப் பொருள். ஒரு டர்போவில், அதாவது இன்ஜினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் சாமானில், தேய்வது ஷாஃப்ட், பேரிங், சீல் போன்றவை. வெளிக்கூடு, அதாவது வார்ப்பு ஹவுசிங், பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதைச் சுத்தம் செய்து, தேய்ந்ததை மாற்றி, பேலன்ஸ் பார்த்து மறுபடியும் விற்கிறார்கள். புதிதாக வார்ப்பதைவிட இது மலிவு. உங்கள் பழைய கூடு வரவில்லை என்றால் அடுத்தவருக்குச் செய்து கொடுக்க அவரிடம் கூடு இருக்காது.

அதனால் பில் போடும்போதே சாமான் விலையோடு ஒரு டெபாசிட்டும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். பழையது போய்ச் சேர்ந்து, அவர்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு அந்த டெபாசிட் திரும்பி வரும். சிலர் இதைக் கோர் பணம் என்பார்கள், நம் பக்கம் பலர் எக்ஸ்சேஞ்ச் பணம் என்பார்கள். பழையதை முதலில் கொடுத்தால் விலையிலேயே கழித்துக்கொள்ளும் கடைகளும் உண்டு. வண்டியை நிறுத்தி வைக்க முடிந்தால் அதுதான் நல்லது, பணம் வெளியே நிற்காது.

எந்தெந்த சாமானுக்கு இது பொருந்தும்? எடை என்ன வரும்?

செல்ப் மோட்டார், ஆல்டர்நேட்டர், டர்போ, பவர் ஸ்டீரிங் பம்ப், ஸ்டீரிங் ராக், ஸ்டீரிங் பாக்ஸ், சி.ஆர். (காமன் ரெயில்) டீசல் பம்ப், இன்ஜெக்டர், பிரேக் காலிப்பர், கிளட்ச் பிரஷர் பிளேட், கியர் பாக்ஸ். ஒவ்வொரு கம்பெனியும் எதை எடுக்கும் என்பது மாறும்.

எடையைத் தோராயமாகச் சொல்கிறேன். கார் செல்ப் மோட்டார் 3 முதல் 5 கிலோ. கார் ஆல்டர்நேட்டர் 5 முதல் 7. கார் டர்போவும் ஏறக்குறைய அதே அளவுதான், மேனிபோல்டோடு சேர்ந்தது என்றால் கூடும். லாரி ஸ்டீரிங் பாக்ஸ் 25 கிலோவுக்கு மேல் போகும். கார் கியர் பாக்ஸை ஒரு ஆள் தனியாகத் தூக்குவது சிரமம். இன்ஜெக்டர் மட்டும் கையடக்கம், நான்கையும் சேர்த்தால் இரண்டு மூன்று கிலோதான் வரும். மறக்காமல் தராசில் போட்டுப் பாருங்கள். "ஒரு பத்து கிலோ இருக்கும்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு புக்கிங் ஆபீஸில் நிற்க வேண்டாம்.

அனுப்பலாமா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது?

டெபாசிட் தொகையிலிருந்து நான்கு செலவைக் கழியுங்கள்: அனுப்பும் கூலி, பேக்கிங், புக்கிங் ஆபீஸ் வரை ஆட்டோ, அந்தப் பக்கம் இறக்கி எடுக்கும் செலவு. மிச்சத்தை, காயலான் கடையில் எடைக்குப் போட்டால் வரும் காசோடு ஒப்பிடுங்கள். செல்ப் மோட்டாரில் செம்பு இருக்கிறது, ஆல்டர்நேட்டரில் செம்பும் அலுமினியமும் இருக்கின்றன. அதனால் எடைக்குப் போட்டாலும் கொஞ்சம் வரும்.

ஒரு கணக்கு பாருங்கள், எண்கள் வெறும் உதாரணத்துக்குத்தான். டர்போ டெபாசிட் 4,000. கூரியரில் தனியாக அனுப்ப 700, பேக்கிங் 150. கையில் நிற்பது 3,150. அதையே மற்ற பீஸ்களோடு சேர்த்து லாரி பார்சலில் போட்டு உங்கள் பங்கு 150 என்றால் 3,700 நிற்கும். ஆனால் டெபாசிட்டே 500 ரூபாய்தான் என்ற சின்ன செல்ப் மோட்டாருக்குத் தனிக் கூரியர் போட்டால் கையைக் கடிக்கும். அதைச் சேர்த்து வைத்து அனுப்ப வேண்டும், இல்லையென்றால் எடைக்குப் போட வேண்டும்.

இந்தக் கணக்கைச் சாமான் வாங்கும்போதே போட்டுவிடுங்கள். வாடிக்கையாளரிடமும் அப்போதே சொல்லிவிட வேண்டும்: பழைய பீஸ் யாருக்கு, டெபாசிட் யாருக்கு என்று. வண்டிக்காரர் டெபாசிட் கட்டியிருக்கும்போது பட்டறைக்காரர் பழையதை எடைக்குப் போட்டுவிட்டால் வீண் சண்டை வரும்.

சரி, மலிவான வழி எது?

லாரி பார்சல் சர்வீஸ். கனமான இரும்புக்கு அதற்கு நிகர் எதுவும் இல்லை என்பதுதான் என் அனுபவம்.

கூரியர் கம்பெனிகள் முதல் அரை கிலோ, அடுத்த ஒவ்வொரு அரை கிலோ அல்லது ஒரு கிலோ என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். காகிதமும் துணியும் அனுப்புகிறவருக்கு அது சரி. லாரிக்காரர்கள் உருப்படி, மொத்த எடை என்று பார்ப்பார்கள். ஒரு குறைந்தபட்சக் கட்டணம் இருக்கும். 7 கிலோ அனுப்பினாலும் அதுதான், 25 கிலோ அனுப்பினாலும் பல இடங்களில் கிட்டத்தட்ட அதுதான். அதனால் ஒற்றைச் சின்னப் பீஸுக்கு லாரி லாபமாகத் தெரியாது, மூன்று நான்கு சேர்ந்தால்தான் வித்தியாசம் தெரியும்.

புக்கிங் ஆபீஸில் விலை கேட்கும்போது கிலோ ரேட்டை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். எல்.ஆர். (லாரி ரசீது) சார்ஜ், ஏற்று கூலி, இறக்கு கூலி, ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து "மொத்தம் என்ன வரும்ணே?" என்று கேளுங்கள். அப்புறம் இரண்டு விஷயம் முக்கியம்.

முதலாவது, கோடவுன் டெலிவரியா, டோர் டெலிவரியா? கோடவுன் டெலிவரி என்றால் அந்த ஊர் ஆபீஸுக்கு ஆள் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். செலவு குறையும். தினமும் பார்சல் எடுக்கும் ரீகண்டிஷன் கடைக்காரர்கள் எந்த சர்வீஸின் கோடவுன் தங்களுக்குப் பக்கம் என்று அவர்களே சொல்வார்கள். அவர்கள் சொல்லும் சர்வீஸிலேயே போடுங்கள். உங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று நீங்களாக ஒன்றில் போட்டால், அவர்கள் எடுக்க வராமல் பார்சல் கோடவுனில் கிடந்து டெமரேஜ் (எடுக்காமல் கிடப்பதற்கான கட்டணம்) ஏறும்.

இரண்டாவது, பெய்டா, டூ பேயா? அதாவது கூலியை நாம் கட்டுவதா, எடுப்பவர் கட்டுவதா? பழைய பீஸ் அனுப்பும்போது பெய்டு போடுங்கள். டூ பே என்றால் அவர்கள் கட்டிய கூலியை டெபாசிட்டில் கழிப்பார்கள், என்ன கழித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. டூ பே பார்சலை எடுக்கவே மாட்டேன் என்கிற கடைகளும் இருக்கின்றன.

மதுரையிலிருந்து சென்னைக்குச் சுமார் 460 கிலோமீட்டர். லாரிகள் சாயங்காலம் லோடு ஏற்றி இரவில் ஓடுகின்றன. மதியத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டால் அன்றைய லோடில் போக வாய்ப்பு அதிகம். கோயம்புத்தூர், பெங்களூருக்கும் இதே வழக்கம்தான். வடக்கே புனே, டெல்லி என்றால் ஒரு வாரத்துக்குக் குறையாமல் கணக்கு வையுங்கள். டெபாசிட்டுக்குக் கெடு இருந்தால் இதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

கூரியரில் 'வால்யூம் எடை' என்று ஏதோ சொல்கிறார்களே?

பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பது பொதுவான வழக்கம். வருகிற எண், தராசு எடை, இரண்டில் எது கூடுதலோ அதற்குக் காசு.

7 கிலோ டர்போவை 30, 28, 25 சென்டிமீட்டர் பெட்டியில் வைத்தால் வால்யூம் எடை 4.2 கிலோதான். தராசு எடையான 7 கிலோவுக்கே கட்டுவீர்கள். அதே டர்போவைக் கையில் கிடைத்த 45, 45, 40 பெட்டியில் போட்டு, மிச்ச இடத்தில் பேப்பரை அடைத்தால் 16.2 கிலோ ஆகிவிடும். அதாவது காற்றுக்கு 9 கிலோ காசு. இரும்புக்குச் சின்னப் பெட்டிதான் சரி. உள்ளே ஆடாமலும் இருக்கும்.

தபால் ஆபீஸ்?

சின்ன ஊர்களுக்கு இது நல்ல வழி. உசிலம்பட்டி, மேலூர் பக்கம் பட்டறை வைத்திருப்பவர் இன்ஜெக்டர் அனுப்ப மதுரைக்கு வரத் தேவையில்லை. ஸ்பீட் போஸ்டில் 35 கிலோ வரை எடுத்துக்கொள்வார்கள். ஆனால் எடை ஏற ஏறக் கட்டணமும் ஏறும், அதனால் இன்ஜெக்டர், சின்ன பம்ப் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரசீதில் உள்ள எண்ணை வைத்து எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம் என்பது பெரிய நிம்மதி.

ரயிலில் போடலாமா?

போடலாம். பாண்டியன், வைகை போல மதுரையிலேயே புறப்படும் வண்டிகள் இருப்பது நமக்கு வசதி. புறப்படும் ஸ்டேஷனில் நிதானமாக ஏற்றுவார்கள். இரண்டு நிமிடம் நின்று போகும் ஸ்டேஷனில் இறக்க வேண்டிய பார்சலாக இருந்தால் நான் ரயிலில் போடுவதில்லை. சாக்கில் தைத்து, எண்ணெய் ஒரு சொட்டும் கசியாமல் இருக்க வேண்டும், கசிந்தால் எடுக்க மாட்டார்கள். அந்தப் பக்கம் உடனே போய் எடுக்கவும் வேண்டும், தாமதமானால் கட்டணம் ஏறும். கியர் பாக்ஸ் போன்ற பெரிய உருப்படிக்கு ஒரு தடவை பார்சல் ஆபீஸில் ரேட் கேட்டு லாரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆம்னி பஸ்ஸில் போட்டுவிட்டால் காலையில் போய்விடுமே?

போய்விடும். அவசரத்துக்கு நல்லது. ஆனால் பழைய பீஸ் அனுப்புவதில் என்ன அவசரம் இருக்கிறது? கெடு நாளைக்கு முடிகிறது என்றால் மட்டும் அது சரி. 2023 டிசம்பர் கடைசியில் சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்ட வண்டிகள் பல அங்கே நின்றுவிடுகின்றன. பாடி, அம்பத்தூர், புதுப்பேட்டையிலிருந்து ஒரு ஆள் காலையில் அங்கே வந்து 7 கிலோ இரும்பை எடுத்துப் போக வேண்டும் என்றால் அந்த ஆட்டோ காசே பார்சல் காசைத் தாண்டும்.

அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமும் 2022 ஆகஸ்டில் பேருந்தின் சரக்குப் பெட்டியை வாடகைக்கு விடத் தொடங்கியது. தினமும் அல்லது வாரம் தவறாமல் ஒரே ஊருக்கு அனுப்புகிறவர்கள் அதை விசாரித்துப் பார்க்கலாம்.

எப்படிப் பேக் செய்வது?

இங்கேதான் நிதானம் வேண்டும். கூலியில் ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிப்பதைவிட, ஒரு பீஸ் நல்லபடியாகப் போய்ச் சேர்வது பெரிது.

முதல் வேலை எண்ணெயை வடிப்பது. டர்போவின் ஆயில் ஓட்டை கீழே பார்க்கும்படி ஒரு தட்டின் மேல் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் பார்த்தால் கருப்பாக ஒரு வளையம் தேங்கியிருக்கும். காலியாகத் தெரிந்த டர்போவுக்குள் அவ்வளவு ஆயில் இருக்கும். ஸ்டீரிங் பாக்ஸ், பம்ப் எல்லாவற்றுக்கும் இதுதான். வடிந்த பிறகு ஓட்டைகளை அடைக்க வேண்டும். புது பீஸோடு வந்த பிளாஸ்டிக் மூடிகளைத் தூக்கிப் போடாதீர்கள், பழையதற்கு அப்படியே பொருந்தும். மூடி இல்லையென்றால் கெட்டி பாலிதீன் வைத்து டேப் சுற்றுங்கள். துணியைத் திணிக்க வேண்டாம், நூல் உள்ளே போகும்.

இரண்டாவது, நீட்டிக்கொண்டிருக்கும் பாகத்தைப் பாருங்கள். டர்போவில் ஆக்சுவேட்டர் கம்பி, செல்ப் மோட்டாரில் போல்ட் மாட்டும் காது, ஆல்டர்நேட்டரில் ஸ்டட், இன்ஜெக்டரில் நாசில் முனை. கீழே விழுந்தால் முதலில் அடிபடுவது இவைதான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி அந்த இடத்தில் நான்கு சுற்று சுற்றுங்கள். இன்ஜெக்டர்களை ஒன்றோடொன்று உரச விடாமல் தனித்தனியே குழாய்த் துண்டில் போட்டு மூடுங்கள்.

மூன்றாவது, புது பீஸ் வந்த பெட்டியிலேயே பழையதைத் திருப்பி வையுங்கள். பல கம்பெனிகள் அதையே எதிர்பார்க்கின்றன, அளவும் கச்சிதமாக இருக்கும். அட்டைப் பெட்டியின் அடியில் ஒரு ப்ளைவுட் துண்டு போட்டால் கனம் அடியைக் கிழிக்காது. அதன் மேல் சாக்கு, கோணி ஊசியால் இழுத்துத் தையல். லாரி செட்டில் ஒரு உருப்படியை எத்தனை கை மாறித் தூக்கிப் போடுகிறது என்று ஒரு சாயங்காலம் நின்று பார்த்தால் இந்தத் தையல் எதற்கு என்று புரியும். மார்க்கர் பேனாவால் சாக்கின் மேலேயே இரண்டு பக்கமும் பெயர், ஊர், போன் நம்பர் எழுதுங்கள். ஒட்டிய பேப்பர் உரிந்துவிடும்.

உள்ளே ஒரு தாள் கண்டிப்பாக வையுங்கள்: யார் அனுப்பியது, எந்த பில் நம்பருக்கு, என்ன சாமான், பார்ட் நம்பர். இந்தத் தாள் இல்லாமல் போகும் பீஸ் அங்கே நூறு பழைய பீஸ்களில் ஒன்றாகக் கலந்துவிடும்.

எதையெல்லாம் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்?

கூடு விரிசல், வெல்டிங் வைத்தது, தீயில் எரிந்தது, வெள்ளத்தில் கிடந்து துருப்பிடித்தது, பிரித்து உள்பாகம் எடுத்தது, வேறு மாடல் பீஸ். சுருள் எரிந்தது, பேரிங் போனது, ஷாஃப்ட் ஆட்டம் இதெல்லாம் பொதுவாகப் பிரச்சினை இல்லை. அதற்காகத்தானே கழற்றினோம். அதனால் "உள்ளே என்ன போயிருக்கு பார்ப்போம்" என்று ஆசைக்குக்கூடப் பிரிக்காதீர்கள்.

எனக்கு ஒரு டர்போவில் இது நடந்தது. அவசரத்தில் ஆயிலை வடிக்காமல் பெட்டியில் போட்டு, மேலே சாக்கும் தைக்காமல் அனுப்பினேன். ஆயில் கசிந்து அட்டை ஊறி, வழியில் அடி கிழிந்து டர்போ வெளியே விழுந்திருக்கிறது. ஆக்சுவேட்டர் கம்பி வளைந்து, கம்ப்ரசர் பக்கக் கூட்டில் ஒரு துண்டு பெயர்ந்து போய்ச் சேர்ந்தது. "கூடு உடைஞ்சிருக்கு, தர முடியாது" என்றார்கள். அனுப்பும்போது நன்றாக இருந்தது என்று காட்ட என்னிடம் ஒரு போட்டோகூட இல்லை. முழு டெபாசிட்டும் போயிற்று. அது வண்டிக்காரரின் பணம், நான்தான் கொடுத்தேன்.

அதிலிருந்து ஒவ்வொரு பீஸையும் போட்டோ எடுக்கிறேன். நான்கு பக்கம், ஓட்டைகள், முக்கியமாக நேம் பிளேட். டர்போவில் அது கம்ப்ரசர் கூட்டின் மேல் ரிவெட் அடித்த சின்னத் தகடு. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எதுவும் தெரியாது, டீசலில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தால் எண் எழும்பும். கம்பி பிரஷ் போட்டால் எண்ணும் சேர்ந்து போய்விடும். கடைசியாகப் பெட்டி மூடும்போதும், தராசில் இருக்கும்போதும் ஒரு போட்டோ. மொத்தமாக இரண்டு நிமிட வேலை.

பில், இ-வே பில் எல்லாம் வேண்டுமா?

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர் டெலிவரி சலான் (விற்பனை இல்லாமல் அனுப்பும் சரக்கோடு போகும் விவரச் சீட்டு) போட்டு அனுப்பலாம். "பழைய பழுதான உதிரி பாகம், எக்ஸ்சேஞ்சுக்குத் திருப்பி அனுப்புவது" என்று எழுதி, அசல் பில் எண்ணைக் குறிப்பிட்டு, நியாயமான மதிப்பைப் போடுங்கள். மூன்று பிரதி எடுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேலும், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேலும் மதிப்பு போனால்தான் இ-வே பில், அதாவது சரக்கு கொண்டுபோக ஆன்லைனில் எடுக்கும் ஜி.எஸ்.டி. சீட்டு, வேண்டும். பழைய பீஸ்கள் அவ்வளவு மதிப்புக்கு அநேகமாக வராது. பதிவு இல்லாதவர் கடை லெட்டர்பேடில் அதே விவரத்தை எழுதி, புது சாமான் வாங்கிய பில்லின் நகலோடு கொடுங்கள். புக்கிங் ஆபீஸில் அதைக் கேட்பார்கள்.

வழியில் தொலைந்துவிட்டால்?

மதிப்பை எழுதிக் கொடுத்தீர்களா என்பதைப் பொறுத்தது. சாலைவழிச் சரக்குச் சட்டம் 2007, அதன் 2011 விதிகளின்படி, கூடுதல் மதிப்பு அறிவித்து அதற்கான கட்டணம் கட்டாத பார்சலுக்குப் பொறுப்பு, கட்டிய கூலியைப் போல பத்து மடங்கு வரைதான். 150 ரூபாய் கூலி என்றால் 1,500. ரயிலில் மதிப்பு அறிவிக்காத பொதுச் சரக்குக்குக் கிலோவுக்கு 50 ரூபாய், 7 கிலோ டர்போவுக்கு 350. டெபாசிட் பெரிய தொகையாக இருந்தால் மதிப்பை அறிவித்துவிடுங்கள். லாரியில் தொலைந்தால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். போனில் பேசிக்கொண்டே நாளைக் கடத்திவிடாதீர்கள். எல்.ஆர். ரசீதை அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த மை சீக்கிரம் மங்கும்.

இரண்டு மூன்று பட்டறைக்காரர்கள் சேர்ந்து அனுப்பலாமா?

கட்டாயம் செய்யுங்கள், செலவு குறைவது இதில்தான். நாங்கள் பக்கத்துப் பட்டறைகள் நான்கு சேர்ந்து, ஒரே ரீகண்டிஷன் கடைக்குப் போக வேண்டியதை மாதம் இரண்டு தடவை ஒரே எல்.ஆரில் போடுகிறோம். ஒவ்வொருவர் பீஸும் தனிப் பெட்டி, தனித் தாள், பெட்டி மேல் பெயின்ட்டில் தனி அடையாளம். கூலியை எடைப்படி பிரித்துக்கொள்கிறோம். அங்கே உள்ளவருக்கும் ஒரே தடவையில் பத்து பீஸ் வருவது பிடித்திருக்கிறது. சில சமயம் அவர்கள் புது சாமான் கொண்டுவரும் வண்டியே திரும்பும்போது எடுத்துக்கொள்கிறது, அப்போது கூலியே இல்லை. உங்கள் சப்ளையரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

கெடுவை மட்டும் கவனியுங்கள். 15 நாள், 30 நாள் என்று பில்லில் எழுதியிருக்கும். சேரட்டும் என்று காத்திருந்து கெடு போய்விடக் கூடாது. சுவரில் ஒரு காலண்டர் மாட்டி, பீஸ் கழற்றும் அன்றே கடைசி தேதியை வட்டம் போடுங்கள்.

பழைய பேட்டரியையும் இப்படி அனுப்பலாமா?

வேண்டாம். ஆசிட் உள்ள பேட்டரி ஆபத்தான சரக்கு, கூரியரும் தபாலும் எடுக்காது. உருப்படிகளுக்கு நடுவே ஒளித்து வைப்பது லோடு ஏற்றும் ஆட்களின் கையையும் கண்ணையும் பணயம் வைப்பது. புது பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது, பணம் வரவில்லை. என்ன செய்வது?

பார்சல் எடுத்த தேதியை முதலில் லாரி ஆபீஸில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் பில் எண், எல்.ஆர். எண், பார்ட் நம்பர், போட்டோ எல்லாவற்றையும் ஒரே வாட்ஸ்அப் செய்தியில் அனுப்பி, "எந்தத் தேதியில் செக்கிங், எப்போது பணம்" என்று கேளுங்கள். நிராகரித்தால் காரணத்தையும், நிராகரித்த பீஸின் போட்டோவையும் கேளுங்கள். நேம் பிளேட் எண்ணை உங்கள் போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், பீஸ் மாறிப்போவதும் உண்டு. பீஸைத் திருப்பி வாங்குவதா, அங்கேயே விட்டுவிடுவதா என்பதற்குத் திரும்பி வரும் கூலியையும் காயலான் கடை விலையையும் பாருங்கள். பல சமயம் அங்கேயே எடை விலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி, அந்தக் காசை அடுத்த பில்லில் கழிக்கச் சொல்வதுதான் நல்லது.